பதின்மூன்று பல் கிலோமீட்டர்

முப்பது வருஷம் கல்லும் முள்ளுமான மலைப்பாதைகளில் பைக் ஓட்டியும் ஒரு சிராய்ப்புகூடப் படாத மாமியாரைக் கடைசியில் கீழே தள்ளியது குளியலறை. சோப்புத் தண்ணீரில் கால் வழுக்கியது, அவ்வளவுதான். தொடையிலிருந்து கணுக்கால்வரை மாவுக்கட்டு. மூன்று மாதம் படுக்கையை விட்டு இறங்கக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். பைக்கிலிருந்து விழுந்திருந்தாலாவது கொஞ்சம் கௌரவமாகச் சொல்லிக்கொள்ளலாம். சோப்பு தள்ளிவிட்டதை யாரிடம் போய்ச் சொல்வது? பார்க்க வந்தவர்களிடமெல்லாம் "ஏதோ வழுக்கிடுச்சு" என்று மென்று விழுங்கினார்.

அந்த பைக்கைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். தார்ச் சாலையிலும் ஓடும், கரட்டுப் பாதையிலும் ஏறும் என்கிற ரகம் அது. உயரமான சீட்டு, கட்டை கட்டையாக எழும்பி நிற்கும் டயர், சேறு அடைக்காதபடி சக்கரத்துக்கு ஒரு சாண் மேலே தூக்கிக்கொண்டு நிற்கும் மட்கார்டு. ஒரு பெண்மணி அதில் ஏறிப் போவதைப் பார்த்துத் தெரு வாயைப் பிளந்ததெல்லாம் பழைய கதை. இப்போது அவருக்கு ஐம்பத்தெட்டு வயது, யாரும் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. அவருடைய தொழில் தேனீ வளர்ப்பு. மலையில் எங்கெங்கோ பெட்டிகள் வைத்திருந்தார். எங்கே என்பதுதான் ஒருவருக்கும் தெரியாது.

பெட்டி வைத்துப் பிழைக்கிறவர்கள் எல்லாருக்குமே இந்தக் குணம் உண்டு. வேறு எதை வேண்டுமானாலும் சொல்வார்கள், இடத்தைப் பற்றி மட்டும் மூச்சு விடமாட்டார்கள். தேன் திருட வருகிறவன் தேனோடு நிற்கமாட்டான், பெட்டியையே தூக்கிக்கொண்டு போய்விடுவான். அதனால் மாமியார் பாதையில் அடையாளம் எதுவும் வைப்பதில்லை. ஒதுங்கும் தடத்தின் வாயைக்கூட வெட்டிய கிளைகளால் மூடிவிட்டுத்தான் வருவார். "போன்ல குறிச்சு வெச்சா, போன் தொலையற அன்னிக்குப் பெட்டியும் தொலையும்" என்பது அவர் கட்சி. எல்லாம் ஒரு சின்ன நோட்டில் இருந்தது. அதிலும் வெறும் எண்கள். அடிவாரத்துப் பாலத்தில் பைக் மீட்டரைப் பூஜ்யம் செய்துவிட்டுக் கிளம்ப வேண்டும், எண் வரும் இடத்தில் நிற்க வேண்டும். நின்ற பிறகு இடது பக்கமா வலது பக்கமா என்பது நோட்டில் கிடையாது. அது அவர் தலைக்குள் இருந்தது. கணவருக்கே கடைசிவரை சொல்லாத மனுஷி, கப்பலில் வேலை பார்க்கும் மகனுக்கா சொல்வார்? மருமகளுக்குச் சொல்வாரா, கேட்கவே வேண்டாம்.

மருமகள் தையற்காரி. வீட்டின் முன்னறையில் மெஷின் போட்டு, பள்ளிக்கூடச் சீருடைகள் தைத்துக்கொண்டிருந்தாள். எதையும் பிரித்து உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்காவிட்டால் அவளுக்குத் தூக்கம் வராது. கல்யாணமாகி வந்த மூன்றாம் நாளே சுவர்க் கடிகாரத்தைக் கழற்றிப்போட்டாள். திரும்ப மாட்டியபோது கடிகாரம் ஓடியது, ஆனால் கையில் ஒரு திருகாணி மிச்சம் இருந்தது. ஆறு வருஷம் ஆகியும் அந்தத் திருகாணியை மாமியார் ஒரு தகர டப்பாவில் பத்திரமாக வைத்திருந்தார், தேவைப்படும்போதெல்லாம் எடுத்துக் காட்டுவதற்கு. அதனால்தான் நூல் கடைக்குப் போய்வர பைக்கைக் கொடுத்தபோது இரண்டு நிபந்தனை போட்டார். ஒவ்வொரு தடவையும் மீட்டரைப் பூஜ்யம் செய்துவிட்டுப் போக வேண்டும், பெட்ரோல் எவ்வளவு குடிக்கிறது என்று தெரிய வேண்டுமாம். இரண்டாவது, வண்டியில் ஒரு நட்டையும் தொடக் கூடாது.

திங்கட்கிழமை சாயங்காலம் மலைமேல் பழத்தோட்டம் வைத்திருப்பவர் போன் செய்தார்.

"அம்மா, வியாழக்கிழமை காலையில மருந்தடிக்கிறோம். மெஷின்காரங்க வந்துட்டாங்க, தள்ளிப்போட முடியாது. உங்க பெட்டி இந்தப் பக்கம் எங்கயோ இருக்குன்னு தெரியும். மூடி வெச்சுக்கங்க."

போனைக் கீழே வைத்த மாமியார் மாவுக்கட்டைப் பார்த்தார். மருந்தடித்த பூவுக்குப் போகிற தேனீ திரும்பி வராது. புதன்கிழமை பொழுது சாய, எல்லாம் கூடு திரும்பிய பிறகு, பெட்டி வாசல்களைக் கம்பிவலை வைத்து அடைத்துவிட்டால் பிழைக்கும். அந்த இடத்தில் மட்டும் பத்துப் பெட்டி. அந்தப் பாதையில் காரும் ஏறாது, ஆட்டோவும் ஏறாது. அன்றைக்குச் சாப்பாட்டுத் தட்டு வைத்தபடியே இருந்தது. கடைசியில் மருமகளைக் கூப்பிட்டார்.

"கதவச் சாத்தும்மா."

"வீட்ல நம்ம ரெண்டு பேருதான் அத்தை இருக்கோம்."

"சாத்துன்னா சாத்து." சாத்தியதும் குரலைத் தாழ்த்தினார். "பதினெட்டு புள்ளி ஆறு. இடது பக்கம். யார்கிட்டயும் வாயத் தொறக்காதே."

"நான் யார்கிட்ட சொல்லப்போறேன், ஊசிகிட்டயா?"

கிண்டலாகச் சொன்னாளே தவிர, அவளுக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. ஆறு வருஷத்தில் மாமியார் அவளை நம்பிக் கொடுத்த முதல் பொருள் அந்த எண். அதைக் கோட்டை விட்டால் அப்புறம் அந்த வீட்டில் அவள் வாழ்நாள் முழுவதும் திருகாணி மிச்சம் வைத்தவள்தான்.

மறுநாள் காலையில் இடத்தைப் பார்த்து வைத்துக்கொள்ளலாம் என்று கிளம்பினாள். நான்காவது கிலோமீட்டரில் ஓர் ஏற்றம் வந்தது. ஏற்றம் என்றால் சாதாரண ஏற்றமில்லை, தேங்காய்ப் பருமனில் கற்களைக் கொட்டி நிமிர்த்தி வைத்த மாதிரி. மெதுவாக ஏறினால் எஞ்சின் இரண்டு தடவை இருமிவிட்டு நின்றுபோனது. முறுக்கினால் வண்டி கல்லுக்குக் கல் எகிறிக் குதித்தது. மூன்றாவது தடவை அவள் ஒரு பக்கம், வண்டி ஒரு பக்கம். முழங்கையில் சிராய்ப்போடு வண்டியைத் திருப்பி, நேராக மெக்கானிக் கடைக்குப் போனாள்.

மெக்கானிக்குக்குப் 'பொறுமை' என்று பெயர் வைத்திருந்தார்கள். யார் அவசரம் என்று வந்தாலும் அவர் சொல்கிற முதல் வார்த்தை அதுதான்.

"மெதுவாப் போனா வண்டி செத்துப்போகுது, வேகமாப் போனா நான் செத்துப்போவேன் போலருக்கு. நடுவுல ஒண்ணு கிடையாதா?" என்று கேட்டாள்.

"பொறுமை, பொறுமை. இருக்கு. ரெண்டு பல்லைப் புடுங்கினா சரியாயிடும்."

"யார் பல்லை?"

அவர் சிரித்துக்கொண்டே எஞ்சின் பக்கத்தில் இருந்த மூடியைக் கழற்றினார். உள்ளே கறுத்த கிரீஸும் மண்ணும் அப்பிய ஒரு சின்னப் பல்சக்கரம். அதிலிருந்து செயின் கிளம்பிப் பின்னால் இருந்த பெரிய பல்சக்கரத்துக்குப் போய்ச் சுற்றிக்கொண்டு திரும்பி வந்தது. தையற்காரி அங்கேயே குத்தவைத்து உட்கார்ந்துவிட்டாள். முழங்கை எரிச்சல் மறந்தேபோனது.

"என் மெஷின்ல கீழ பெரிய சக்கரம் ஒரு சுத்து சுத்தினா, மேல சின்னது பல சுத்து சுத்தும். அது மாதிரியா?"

"அதேதான், ஆனா தலைகீழ். இங்க சின்னது பெரிசைச் சுத்துது. சின்னதை இன்னும் சின்னதாக்கினா, எஞ்சின் ஜாஸ்தி சுத்தும், பின் சக்கரம் மெதுவாச் சுத்தும். வேகம் குறையும், இழுவை கூடும்."

"பின்னாடி இருக்கறதைப் பெரிசாக்கினா?"

"அதே பலன்தான். ஆனா முன்னாடி ரெண்டு பல்லு குறைக்கறதுக்குப் பின்னாடி ஆறேழு பல்லு கூட்டணும். செயின் நீளமும் பத்தாது. ரெண்டுல முடியற வேலைக்கு எதுக்கு ஏழு? உங்க அத்தை வண்டியில எப்பவும் பதினஞ்சு பல்லுதான். பதிமூணு போட்டுப் பாருங்க, ஆமை மாதிரி ஏறும், ஆனா நிக்காது."

"அத்தைக்குத் தெரிய வேண்டாம்."

"எனக்கென்ன வந்துது?"

நட்டு சுழலாமல் இருக்க ஒரு தகட்டு வளையத்தின் ஓரத்தை மடக்கி வைத்திருந்தார்கள். அதை உளியால் நிமிர்த்தினார். அவளைச் சீட்டில் ஏற்றி உட்காரவைத்து, பின் பிரேக்கை மிதித்துப் பிடிக்கச் சொன்னார். நீளமான பாரில் தன் முழு எடையையும் போட்டபோது நட்டு 'டக்' என்று விட்டது, அவளுக்குத் தன் எலும்பே விட்ட மாதிரி இருந்தது. கழற்றிய பல்சக்கரத்தைக் கேட்டு வாங்கி, தையல் சாக்பீஸால் ஒரு பல்லில் கோடு போட்டு எண்ணினாள். பதினைந்து. புதியதையும் எண்ணினாள். பதின்மூன்று. அவர் சொன்னதில் அவளுக்கு நம்பிக்கை இல்லாமல் இல்லை, எண்ணாமல் இருக்க முடியவில்லை. செயின் தொய்வு போக அவர் பின் சக்கரத்தைக் கொஞ்சம் பின்னால் தள்ளி இறுக்கினார். செயினை விரலால் மேலும் கீழும் ஆட்டிப் பார்த்துவிட்டுத் தலையசைத்தார். பழைய பல்சக்கரத்தை அவள் ஒரு வெட்டுத் துணியில் சுற்றித் தோள்பையில் போட்டுக்கொண்டாள். வேலை முடிந்ததும் காதும் காதும் வைத்த மாதிரி மாட்டிவிட வேண்டியதுதான்.

புதன்கிழமை காலையில் அந்த ஏற்றத்தில் வண்டி ஏறியதே, அடடா! முதல் கியரில், நடக்கிற வேகத்தில், ஒவ்வொரு கல்லாக மிதித்து மேலே போனது. அவள் ஹெல்மெட்டுக்குள் சத்தம் போட்டுச் சிரித்தாள். தட்டையான இடத்தில் மட்டும் ஒரு விசித்திரம். மீட்டர் நாற்பது காட்டிக்கொண்டிருந்தபோது, பால் கேன் தொங்கவிட்ட ஒரு கிழட்டு மொபெட் அவளை அலட்சியமாகத் தாண்டிப் போனது. மொபெட்காரன் முறுக்குகிறான் போல என்று விட்டுவிட்டாள்.

பதினெட்டு புள்ளி ஆறில் நிறுத்தினாள். இடது பக்கம் செங்குத்தான பாறை. பல்லி ஏறலாம், பெட்டி வைக்க முடியாது. அரைக் கிலோமீட்டர் மேலே போய்ப் பார்த்தாள், அரைக் கிலோமீட்டர் கீழே வந்து பார்த்தாள். புதர்களை விலக்கினாள். சந்தேகத்துக்கு வலது பக்கமும் பார்த்தாள். ஒரு தேனீகூடக் கண்ணில் படவில்லை. ஒரு மணி நேரம் அலைந்துவிட்டு வீட்டுக்கு வந்தபோது உச்சி வெயில்.

"பாலத்துல பூஜ்யம் பண்ணினியா?" என்றார் மாமியார்.

"பண்ணினேன்."

"பாலத்தோட இந்த முனையிலயா, அந்த முனையிலயா?"

"இந்த முனையில."

"இடது பக்கந்தானே பாத்தே?"

"எனக்கு இடது கை எதுன்னு தெரியும் அத்தை."

"இந்த வண்டி வாங்கின நாள்லேர்ந்து அது பதினெட்டு புள்ளி ஆறுதான். எண்ணு மாறாது." மாமியார் அவளை மேலும் கீழும் பார்த்தார். "நெஜமா அங்க போனியா? இல்ல ஏத்தத்துல பயந்து பாதியில திரும்பிட்டியா?"

அவளுக்குச் சுருக்கென்றது. வாய் தன்பாட்டுக்கு முந்திக்கொண்டது.

"நீங்க நெஜமான எண்ணைத்தான் எனக்குச் சொன்னீங்களா?"

மாமியார் முகத்தில் ஈயாடவில்லை. சுவர்ப் பக்கம் தலையைத் திருப்பிக்கொண்டார். சொன்ன மறுநொடியே மருமகளுக்கு நாக்கைக் கடித்துக்கொள்ளலாம் போலிருந்தது. ஆனால் சந்தேகம் இருந்தது என்னவோ உண்மை. முப்பது வருஷ ரகசியத்தை ஒரே சாயங்காலத்தில் எடுத்துக் கொடுத்துவிடுவாரா? சும்மா ஓர் எண்ணைச் சொல்லி, இவள் யாரிடம் போய் உளறுகிறாள் என்று பார்க்கிறாரோ? பத்துப் பெட்டியைப் பலிகொடுத்தா சோதிப்பார், சீச்சீ. அப்படியென்றால் தப்பு தன்னுடையதுதான். என்ன தப்பு?

இந்தக் களேபரத்தில் நீல நூல் தீர்ந்துபோனது. மறுநாள் கொடுக்க வேண்டிய சீருடைகள் காலர் இல்லாமல் கிடந்தன. எரிச்சலோடு பைக்கை எடுத்து, பழக்கதோஷத்தில் மீட்டரைப் பூஜ்யம் செய்துவிட்டு நூல் கடைக்குப் போனாள். கடை வாசலில் ஸ்டாண்டு போட்டுவிட்டு மீட்டரைப் பார்த்தாள். மூன்று புள்ளி பூஜ்யம்.

வீட்டிலிருந்து நூல் கடை இரண்டு புள்ளி ஆறு. ஒரு வருஷமாகப் போய்க்கொண்டிருக்கிறாள், என்றைக்குப் போனாலும் இரண்டு புள்ளி ஆறு. கடை நகர்ந்துவிட்டதா என்ன? அவள் நிஜமாகவே நிமிர்ந்து கடையைப் பார்த்தாள். பக்கத்தில் அதே சலவைக்கடை, எதிரே அதே மின்கம்பம். நூலை வாங்கிக்கொண்டு மறுபடி பூஜ்யம் செய்து வீட்டுக்கு வந்தாள். திரும்பவும் மூன்று புள்ளி பூஜ்யம்.

மெஷின் முன்னால் உட்கார்ந்தாள். ஆணியில் இரண்டு அளவு டேப்புகள் தொங்கின. ஒன்று புதிது. இன்னொன்று பழையது, இழுபட்டு இழுபட்டு நீண்டுபோனது. தொழிலுக்கு வந்த புதிதில் ஒரு டேப்பில் அளவெடுத்து இன்னொரு டேப்பில் வெட்டி, ஒரு வாத்தியாரின் பேன்ட்டைக் கணுக்காலுக்கு மேலே ஏற்றிவிட்டிருக்கிறாள். அளவெடுத்ததும் சரி, வெட்டியதும் சரி. டேப்புதான் வேறு.

டேப்புதான் வேறு!

அவள் காலடியில் இருந்த பெரிய சக்கரத்தைப் பார்த்தாள், மேலே இருந்த சின்னதைப் பார்த்தாள். பிறகு போனை எடுத்தாள்.

"அண்ணே, அந்த மீட்டர் கிலோமீட்டரை எங்கேர்ந்து எண்ணுது? முன் சக்கரத்துலேர்ந்தா?"

"பொறுமை, பொறுமை. இந்த வண்டியில அங்க இல்ல. எஞ்சின்கிட்ட, நாம மாத்தினோமே, அந்தப் பல்சக்கரம் சுத்தற தண்டுலேர்ந்து எண்ணுது."

"அப்ப பதிமூணு பல்லு போட்டா அந்தத் தண்டு ஜாஸ்தி சுத்தும். மீட்டரும் ஜாஸ்தி எண்ணும்."

"ஆமா, கூடத்தான் காட்டும்." கொஞ்சம் யோசித்துவிட்டுச் சொன்னார். "இத்தன வருஷத்துல ஒருத்தர்கூட இதைக் கேட்டதில்லயே!"

நீலத் துணியிலேயே சாக்பீஸால் கணக்குப் போட்டாள். பதினெட்டு புள்ளி ஆறைப் பதினைந்தால் பெருக்கி, பதின்மூன்றால் வகுத்தாள். இருபத்தொன்று புள்ளி நான்கு ஆறு. அட பாவமே! அந்தப் பாறையிலிருந்து இன்னும் இரண்டரைக் கிலோமீட்டர் மேலே போயிருக்க வேண்டும். அங்கே போய்ச் சேர வேண்டும் என்றுதான் பல்லைக் குறைத்தாள். குறைத்த பல்தான் போய்ச் சேராமல் செய்திருக்கிறது.

கணக்கு கிடைத்துவிட்டது, சொல்லாமலே போய் மூடிவிட்டு வந்துவிடலாம். ஆனால் உள்ளே ஒரு மனுஷி சுவரைப் பார்த்துப் படுத்திருக்கிறார், தன் எண்ணை மருமகள் பொய் என்று நினைத்துவிட்டாள் என்று. அவளுக்கு அது பொறுக்கவில்லை. தோள்பையிலிருந்து துணிச் சுருளை எடுத்துக்கொண்டு போய் மாமியாரின் கட்டில்மேல் வைத்துப் பிரித்தாள்.

"அத்தை, உங்க எண்ணு சரி. நான்தான் நட்டைத் தொட்டுட்டேன்."

மாமியார் திரும்பினார். பல்சக்கரத்தை எடுத்து, கட்டைவிரலால் ஒவ்வொரு பல்லாகத் தடவினார். இவரும் எண்ணுகிறார் என்று மருமகளுக்குப் புரிந்தது. ஏற்றத்தில் விழுந்ததில் ஆரம்பித்து நூல் கடை நகர்ந்ததுவரை ஒன்றுவிடாமல் சொல்லி முடித்தாள். இப்போது டப்பாவிலிருந்து திருகாணி வெளியே வரும் என்று காத்திருந்தாள்.

"இப்ப என்ன போட்டிருக்கே?"

"பதிமூணு."

"அந்த ஏத்தத்துல ஏறுதா?"

"ஆமை மாதிரி ஏறுது அத்தை. நிக்கவே இல்ல."

"நான் அந்த ஏத்தத்துல மூணு தடவ விழுந்திருக்கேன்" என்றார் மாமியார், மறுபடி சுவரைப் பார்த்துக்கொண்டு. இது புதுச் செய்தி. ஒரு சிராய்ப்புகூட இல்லை என்றல்லவா ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார்! "இப்ப எவ்வளவு வரும்?"

"இருபத்தொண்ணு புள்ளி நாலு தாண்டி, அஞ்சுக்குக் கொஞ்சம் முன்னாடி."

"மணி நாலாச்சு. கெளம்பு."

"திட்டலையா?"

"மூடிட்டு வா. வசதியா உக்காரவெச்சுத் திட்டறேன்."

வெயில் சாயும்போது மீட்டர் இருபத்தொன்று புள்ளி நான்கைத் தொட்டது. அவள் எஞ்சினை அணைத்துவிட்டு வண்டியை உருட்டிக்கொண்டு நடந்தாள். இடது பக்கம் எல்லாம் பச்சை. ஓரிடத்தில் மட்டும் இலைகள் காய்ந்து சுருண்டிருந்தன. வெட்டி வைத்த கிளை! இழுத்தாள், கையோடு வந்தது. பின்னால் ஒற்றையடித் தடம். பத்தடி நடப்பதற்குள் சத்தம் கேட்டது, பக்கத்து வீட்டில் மாவு மெஷின் ஓடுகிற மாதிரி. ஒன்று, இரண்டு, மூன்று... பத்துப் பெட்டி, வரிசையாக, செங்கல் மேல்.

அவளுக்குக் கண் நிறைந்துவிட்டது. அழுவதற்கு இதில் என்ன இருக்கிறது என்று தன்னையே திட்டிக்கொண்டு உட்கார்ந்து காத்திருந்தாள். வெளியே போனவை ஒவ்வொன்றாக வந்து நுழைந்தன. வாசலில் நடமாட்டம் அடங்கியதும், தையல் கத்தரியால் வெட்டி எடுத்து வந்திருந்த கம்பிவலைத் துண்டுகளை ஒவ்வொரு வாசலிலும் வைத்து, ஆணியால் அழுத்தினாள். கடைசியாக வந்த ஒரு தேனீ, கதவு சாத்தியிருப்பதைப் பார்த்த கோபத்தில் அவள் மணிக்கட்டில் கொட்டியது. ஒரு வலையை ஓரமாகத் தூக்கி அதையும் உள்ளே விட முயன்றாள். கொட்டிய தேனீ பிழைக்காது என்பது அவளுக்குத் தெரியாது.

வியாழக்கிழமை மருந்தடித்தார்கள். வெள்ளிக்கிழமை விடிந்ததும் அவள் மறுபடி போய் வலைகளை எடுத்துவிட்டாள். பத்துப் பெட்டியிலிருந்தும் தேனீக்கள் சிறைக்கதவு திறந்த மாதிரி பாய்ந்து வெளியேறின. வீட்டுக்கு வந்து சொன்னபோது மாமியார் "பத்துமா?" என்று மூன்று தடவை கேட்டார்.

"பத்தும் அத்தை. நாளைக்கு வண்டியை மெக்கானிக்கிட்ட விட்டுப் பழைய பல்லையே மாட்டிடறேன். உங்க நோட்டு எண்ணெல்லாம் சரியாயிடும்."

மாமியார் தகர டப்பாவைத் திறந்தார். ஐயோ, திருகாணி என்று மருமகள் தயாரானாள். ஆனால் அவர் எதையும் எடுக்கவில்லை. கட்டிலில் கிடந்த பதினைந்து பல் சக்கரத்தைத் திருகாணியின் பக்கத்தில் வைத்து டப்பாவை மூடினார். தலையணைக்கு அடியிலிருந்து நோட்டை எடுத்தார்.

"கதவச் சாத்தும்மா."

சாத்திவிட்டு வந்தாள். மாமியார் அவளிடமிருந்து பேனாவை வாங்கி, 18.6 என்ற எண்ணின் மேல் அழுத்தி ஒரு கோடு கிழித்து, பக்கத்தில் 21.5 என்று எழுதினார். எழுதியதை ஒரு நிமிஷம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு நோட்டையும் பேனாவையும் மருமகள் கையில் திணித்தார்.

"அடுத்தது ஏழு புள்ளி ரெண்டு. உன் கிலோமீட்டர்ல எவ்வளவு வருது, பாரு."

அவள் உள்ளங்கையில் பேனாவால் கணக்குப் போட்டாள். "எட்டு புள்ளி மூணு அத்தை."

"எழுதிக்க." குரலைத் தாழ்த்தினார். "பக்கத்துலயே, வலது பக்கம்னும் எழுதிக்க."